தவளை டீச்சரின் பத்து விரல்

வலது கால் எப்போதும் சமர்த்து. ஐந்து விரலும் வரிசையாக அதனதன் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இடது கால்தான் வம்பு. அதன் நாலாவது விரல் மூன்றாவதின் அறைக்குள் புகுந்துகொள்ளும். சுண்டுவிரல் எங்கே போவதென்று தெரியாமல் வெளியே முழித்துக்கொண்டு நிற்கும். தவளை டீச்சர் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் கிடக்கும் முக்காலியில் உட்கார்ந்து, இடது காலைத் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, அந்த விரலைக் காதைப் பிடித்து இழுப்பதுபோல் இழுப்பார்.

“டேய், அது உன் வீடு இல்லடா, பக்கத்து வீடு. தினமும் இதே வேலையாப் போச்சு உனக்கு!”

சமையலறையிலிருந்து அவர் கணவர் குரல் கொடுப்பார். “எல்லாரும் வீடு சேந்தாச்சா? இல்ல, நான் இன்னொரு டீ போட்டுக்கட்டுமா?”

பெரும்பாலும் இன்னொரு டீக்கு நேரம் இருக்கும்.

டீச்சர் மாட்டிக்கொள்வது ஐவிரல் ஷூ. காலுக்குப் போடும் கையுறை என்று சொன்னால் பாதி புரியும். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி உறை, மேலே வலைத்துணி, அடியில் ஒரு மெல்லிய ரப்பர். தரையில் ஒரு அரிசி கிடந்தால்கூடக் கால் சொல்லிவிடும். நிறம் பச்சை. அவராக ஆசைப்பட்டு வாங்கிய பச்சை இல்லை. அவர் அளவுக்குக் கடையில் அந்த ஒரு நிறம்தான் இருந்தது. முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு படியிறங்கியபோது எதிர்வீட்டுக் குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு “தவளை!” என்று கத்தியது. ஒரே வாரத்தில் தெரு முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. “தவளைக்கு என்னங்க குறைச்சல்? வழுக்கற இடத்துல விழாம நிக்குது. மனுஷங்களால முடியுதா?” என்பார்.

கணவருக்கு மெத்தைக் கடையில் வேலை. வருகிற வாடிக்கையாளர்களைப் படுக்கச் சொல்லி, பக்கத்தில் தாமும் படுத்துக் காட்டி விற்பதில் கெட்டிக்காரர். உலகத்தில் எல்லாத் துன்பத்துக்கும் காரணம் அடியில் போதிய மெத்தை இல்லாததுதான் என்பது அவர் கட்சி. மனைவியின் ஷூவைக் கையில் எடுத்து ரப்பரை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, தொழில் தெரிந்தவர் வருத்தத்தோடு தலையை ஆட்டுவார்.

“காலுக்கு மெத்தை வேணும்மா.”

“கால் என்ன தூங்கவா போகுது? வேலைக்குப் போகுது!”

இந்தச் சண்டை அந்த வீட்டில் அநேகமாக வாரம் ஒரு தடவை நடக்கும். இதுவரை யாரும் ஜெயித்ததில்லை.

டீச்சர் வேலை பார்ப்பது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில். டயர் கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவே ஓர் அறை, வாசலில் ஒரு சின்ன வெள்ளைக் கார். கற்றுக்கொள்பவர் ஓட்டுவார், பக்கத்து இருக்கையில் டீச்சர். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மற்றவர்கள் மறக்கிற நேரத்தில் மிதிப்பதற்காகவே வைத்த பிரேக் அது. வருஷக்கணக்காக அதன்மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் அவருக்குக் குதிகால் வலி வந்தது. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் ஆணிமேல் வைத்ததுபோல் இருக்கும். கணவர் யோசனைப்படி பஞ்சு பஞ்சாக ஒரு ஷூ வாங்கிப் போட்டுப் பார்த்தார். வலி குறைந்ததோ இல்லையோ, பிரேக் காணாமல் போய்விட்டது. “மிதிக்கறது பிரேக்கா, தலைகாணியான்னே தெரியலைங்க,” என்று முதலாளியிடம் போய் நின்றார்.

அப்போது கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பிசியோதெரபி மருத்துவர் ஒருவர்தான் இந்த ஐவிரல் ஷூவைப் பற்றிச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும், முதலில் வீட்டுக்குள் மட்டும், அதுவும் சிறிது நேரம் என்று எச்சரித்துச் சொன்னார். டீச்சருக்கா பொறுமை? அன்று முழுவதும் போட்டுக்கொண்டு சுற்றினார். மறுநாள் கெண்டைக்கால் இரண்டும் கட்டையாக இறுகிப்போய், மாடிப்படியைப் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டுதான் இறங்க முடிந்தது. மருத்துவரிடம் நல்ல திட்டு வாங்கிய பிறகு ஒழுங்காகப் பழகினார். வலி மெல்ல மெல்ல விலகியது. “எனக்கு ஒத்துக்கிச்சு. உங்களுக்கு ஒத்துக்குமான்னு என்னைக் கேக்காதீங்க, உங்க காலைக் கேளுங்க,” என்பது விசாரிப்பவர்களுக்கு அவர் தரும் பதில்.

தொல்லைகளையும் அவர் மறைப்பதில்லை. மழை பெய்தால் ஷூவுக்குள் குளம். ஜல்லி கொட்டிய இடத்தில் நடந்தால் ஒவ்வொரு கல்லும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். சாதாரண ஷூவோடு நாற்காலிக் காலில் இடித்துக்கொண்டால் முன்பக்கம் முழுதும் வலியைப் பங்கு போட்டுக்கொள்ளும். இதில் சுண்டுவிரல் தனியாக மாட்டிக்கொண்டு தனியாக அழும். வாடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். துவைத்துப் பால்கனிக் கொடியில் மாட்டினால், பத்து விரலும் தொங்குவதைக் கீழே போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். ஒருமுறை தெரிந்தவர் வீட்டுத் துக்கத்துக்கு அவசரமாக அப்படியே போய்விட்டார். தலை குனிந்து நிற்கிறவர்கள் கண்ணில் வேறென்ன படும்? எல்லாப் பார்வையும் அந்தப் பச்சைக் காலில்தான். டீச்சர் கூசிப்போய் நின்றபோது, இறந்தவரின் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே காதருகில் வந்து கேட்டாள்: “இது எங்க ஆன்ட்டி வாங்கினீங்க? என் சைஸ்ல கிடைக்குமா?”

இவ்வளவும் சொல்லிவிட்டு, “ஆனா பிரேக்கு பேசறது கேக்குதே, அது போதும்,” என்று முடிப்பார்.

தொழிலில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. அவர் கத்தியதே இல்லை. முதலாளி சொந்தமாகக் கற்றுக்கொடுத்த காலத்தில் அவர் போடும் சத்தத்தில் நடைபாதையில் போகிறவர்கள் தங்களைத்தான் திட்டுகிறார் என்று ஒதுங்குவார்களாம். டீச்சர் அப்படியில்லை. கை இரண்டும் மடியில், முகம் இஸ்திரி போட்ட துணி. கற்றுக்கொள்பவர் லாரிக்கு நேராகக் கொண்டுபோனாலும் குரல் உயராது, “சரி, இப்ப மெதுவா ஒதுங்குவோமா?” என்பார். “கத்தினா அவங்க என்னையேதான் பாப்பாங்க. ரோட்டை யார் பாக்கறது?” என்று விளக்கமும் சொல்வார். அதேபோல் புகழ்வதும் கிடையாது. பிரமாதமாக ஓட்டினால் ஒரு “ம்”. அதற்கு மேல் அவரிடம் பரிசு வாங்கியவர் இல்லை.

இப்படிப்பட்டவரிடம் போன வருஷம் அவருடைய நாத்தனாரே மாணவியாக வந்து சேர்ந்தாள்.

கணவரின் தங்கை. நாற்பதைத் தாண்டியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். எம்பிராய்டரி பட்டறையில் எட்டு ஊசி இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தவள். கை துணியை நகர்த்த, ஓரக்கண் எட்டு ஊசிமேலும் இருக்கும். ஒரு நூல் அறுந்தால் அறுந்த கணமே பிடித்துவிடுவாள். பட்டறையை வேறு ஊருக்கு மாற்றியபோது இவள் போகாமல் அண்ணன் வீட்டுக்கு வந்து, முன்னறையில் மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டாள். கட்டில்மேல் கடையில் பார்வைக்கு வைத்திருந்த மெத்தை, அண்ணனின் சீர். யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் விடுதி, உறவுக்காரர் வீடு, அண்ணன் வீடு என்று பிறர் கதவைத் தட்டியே வாழ்ந்தவளுக்கு ஓர் ஆசை இருந்தது.

“எனக்குன்னு ஒரு சாவி வேணும் அண்ணி. நான் பூட்டணும், நான் தெறக்கணும். அவ்ளோதான்.”

அதற்கு ஒரு வழியும் திறந்தது. கடைத்தெரு பேக்கரியில் வேன் ஓட்ட ஆள் தேவை. வேலையோடு மாடியில் ஓர் அறை. ஒரு ஜன்னல், ஒரு அலமாரி, ஒரு பூட்டு. பேக்கரி அம்மாவுக்குப் பாப்பாவைப் பிடித்துவிட்டது. லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வா, அதுவரை வேலையை வைத்திருக்கிறேன் என்று சொன்னார்.

பாப்பா அழகாக ஓட்டினாள். வளைவில் வெண்ணெய். நெரிசலில் நிதானம். டீச்சரே இரண்டு தடவை “ம்” சொன்னார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டெஸ்ட்டுக்குப் போனாள். தோற்றாள். பதற்றம் என்றார்கள். மறுபடியும் போனாள். மறுபடியும் தோற்றாள், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை, ஓரக் கல்லில் ஏற்றிவிட்டாள். மூன்றாவது தடவை டெஸ்ட் மைதானத்தின் வாயிலிலேயே வண்டி அணைந்துவிட்டது. டெஸ்ட் எடுத்த அதிகாரி நல்ல மனிதர். “வண்டி ஓட்டத் தெரியாத மாதிரி இல்லம்மா, யாரையோ எதிர்பாத்துக்கிட்டு ஓட்டற மாதிரி இருக்கு,” என்றார்.

பேக்கரி அம்மாவும் எத்தனை நாள்தான் காத்திருப்பார்? “அடுத்ததுலயாவது எடுத்துடும்மா. இதுக்கு மேல நான் வேற ஆளைப் போட்டுத்தான் ஆகணும். ரொட்டி ஆறிப்போகுதில்ல?” என்று சொல்லிவிட்டார். பள்ளி முதலாளி டீச்சரைச் சீண்டினார்: “ஊருக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கிக் குடுக்கறீங்க, வீட்டுல ஒரு ஆளுக்கு முடியலையா?” டீச்சர் சிரித்துவைத்தார். உள்ளே வெந்துகொண்டிருந்தார். பாப்பா அந்த அறையின் ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்து, மடித்து, மெத்தைக்கு அடியில் வைத்திருந்தது அவருக்குத் தெரியும்.

குட்டு உடைந்தது ஒரு மழை நாளில்.

முந்தின நாள் துவைத்த பச்சை ஷூ காயவில்லை. டீச்சர் கணவருடைய மழைக்கால பூட்ஸை மாட்டிக்கொண்டார். முழங்கால்வரை வரும் கறுப்பு ரப்பர். உள்ளே இன்னொரு கால் வைக்க இடம் இருந்தது. காரில் ஏறியதும் பாப்பா கீழே பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

“என்ன?”

“ஒண்ணுமில்ல அண்ணி.”

நேற்றுவரை வெண்ணெயாக ஓட்டியவள் முதல் திருப்பத்தில் வண்டியை அணைத்தாள். இரண்டாவது திருப்பத்தில் ஓரத்துக் குப்பைத் தொட்டியைத் தடவிக்கொண்டு போனாள். அப்புறம் வந்த வேகத்தடையை அவள் பார்க்கவே இல்லை. டீச்சரின் தலை காரின் கூரையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. பூட்ஸ் காலால் அவர் பிரேக்கைத் தேடி மிதித்தபோது வண்டி ஒரு மருந்துக் கடைக்கு முன்னால் போய் நின்றது.

“நீ ரோட்டைப் பாக்கலியே பாப்பா. என் காலை எதுக்குப் பாக்கறே?”

பாப்பா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். “உங்க விரலைக் காணமே அண்ணி!”

“விரலா?”

“கட்டைவிரலு தூக்குச்சுன்னா நான் பிரேக் போடணும். சுண்டுவிரலு வெலகுச்சுன்னா ஓரத்துல இடிக்கப் போறேன்னு அர்த்தம். அஞ்சும் மடங்குச்சுன்னா ஐயோ போச்சுன்னு அர்த்தம்.” தலையை நிமிர்த்தினாள். “அஞ்சும் விசிறி மாதிரி விரியும் சில சமயம். அப்ப நான் நல்லா ஓட்டறேன்னு தெரிஞ்சுக்குவேன். நீங்கதான் வாயைத் தெறந்து சொல்லவே மாட்டீங்களே.”

மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. டீச்சர் தம் பூட்ஸைப் பார்த்தார்.

“அப்ப டெஸ்ட்டுல?”

“அந்த சாரு கறுப்பு ஷூ போட்டிருக்காரு. அது ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது அண்ணி.”

எட்டு ஊசியை ஓரக்கண்ணால் பார்த்துப் பழகியவளுக்கு ஐந்து விரலைப் பார்ப்பது ஒரு வேலையா? அவள் வேண்டுமென்று செய்யவில்லை. கண் தானாகப் போயிருக்கிறது. சாதாரண ஷூ காலை மூடி வைக்கும். இது உள்ளே இருப்பதை ஒன்றுவிடாமல் வெளியே காட்டிவிடும்; அதுவும் இருக்கைக்கு அடியில் இருட்டாக இருக்கிற இடத்தில் பளிச்சென்று பச்சையாக.

டீச்சருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெட்கமாக இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. கத்தாதவர் என்ற பெயரை எவ்வளவு ஆசையாகக் காப்பாற்றி வந்தார்! வாய்தான் சும்மா இருந்திருக்கிறது. கால் பத்து விரலாலும் கத்தோ கத்தென்று கத்தியிருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டே இந்தப் பெண் தன் காதையும் கண்ணையும் நம்பாமல் போய்விட்டாள்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னார். அவர் அசரவில்லை.

“எனக்குக் கல்யாணமான புதுசுலயே தெரியும். நீ தலையாட்டிக்கிட்டே இருப்பே. கீழே கட்டைவிரல் எழுந்திரிக்கும். உடனே நான் பேச்சை மாத்திடுவேன்.”

“இத்தனை வருஷமா ஏன் சொல்லல?”

“சொன்னா மறைச்சுடுவியே. அப்புறம் நான் எதைப் பாத்துப் பொழைக்கறது?”

மறுநாளிலிருந்து டீச்சர் விரல்களை அடக்கும் வேலையில் இறங்கினார். முதலில் பழைய பஞ்சு ஷூவை எடுத்து மாட்டினார். பிரேக் மறுபடியும் தலையணையானது. லேசாகத் தொட நினைத்து ஓங்கி மிதித்ததில் இருவரும் முன்கண்ணாடிக்கு வணக்கம் சொன்னார்கள். சாயங்காலமே குதிகால் முணுமுணுக்க ஆரம்பித்தது. அடுத்து, பச்சை ஷூவையே போட்டுக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போர்த்தினார். பாப்பா அருமையாக ஓட்டினாள். டீச்சருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை, சந்தேகமும் வந்தது.

“துண்டைப் பாக்கறியா?”

“துண்டு எழும்புதே அண்ணி!”

அதற்கடுத்து மனத்தால் கட்டுப்படுத்திப் பார்த்தார். அசையக் கூடாது என்று விரல்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். முதல் சைக்கிள் குறுக்கே வந்ததும் பத்தும் ஒன்றாக எழுந்து நின்றன. “சொன்ன பேச்சு கேக்காத பிள்ளைங்க,” என்று அலுத்துக்கொண்டார்.

டெஸ்ட்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கிடங்குத் தெருவுக்கு ஓட்டச் சொன்னார். வாரநாளில் லாரிகள் அடைத்து நிற்கிற தெரு அன்று காலியாகக் கிடந்தது. தெரு முனையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, டீச்சர் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினார். பிறகு இரண்டு காலையும் தூக்கி இருக்கைமேல் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பச்சை விரல்கள் பத்தும் தொடைக்கடியில் போய் மறைந்தன. கையை மட்டும் ஒரு பாதுகாப்புக்குக் கைப்பிரேக்கின்மேல் வைத்துக்கொண்டார்.

பாப்பா மிரண்டுவிட்டாள். “என்ன அண்ணி இது? பிரேக்கு?”

“உன் காலுக்கடியில இருக்கு.”

“உங்களுது?”

“எனக்கு எதுக்கு? நான் ஓட்டலியே. வண்டியை எடு.”

எடுத்தாள். வண்டி ஒரு தடவை உதறி அணைந்தது. மறுபடியும் எடுத்தாள். தொடைக்கடியில் விரல்கள் துள்ளுவது டீச்சருக்குத் தெரிந்தது. இன்னும் அழுத்தி உட்கார்ந்துகொண்டார். முதல் சுற்றில் பாப்பாவின் பார்வை பழக்கதோஷத்தில் கீழே போய், அங்கே வெறும் கால்மிதியைக் கண்டு திரும்பியது. இரண்டாவது சுற்றில் அது பாதி வழியிலேயே திரும்பியது. அப்புறம் போகவில்லை.

மூன்றாவது சுற்றோ நாலாவதோ, ஒரு கிடங்கின் பக்கவாட்டுச் சந்திலிருந்து தண்ணீர் கேன் வண்டிக்காரர் ஒருவர் விசில் அடித்துக்கொண்டே வெளியே வந்தார். டீச்சரின் வலது கட்டைவிரல் தொடையைக் குத்தியது. கை கைப்பிரேக்கை இறுக்கியது. இழுக்கத் தேவைப்படவில்லை. வண்டி ஏற்கனவே நின்றிருந்தது, குலுக்கல்கூட இல்லாமல். வண்டிக்காரர் கைதூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பாப்பா கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமலே கேட்டாள். “நானா அண்ணி நிறுத்தினேன்?”

“பின்ன, நான் இங்க உக்காந்து தியானம்தானே பண்றேன்?”

சொல்லும்போது டீச்சரின் குரல் கொஞ்சம் இடறியது. அதை மறைக்கக் காரைவிட்டு இறங்கப் பார்த்தார். இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. பாப்பா வந்து கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது.

டெஸ்ட் நாளன்று மைதானத்து வேலிக்குப் பக்கத்தில் ஒரு நீள பெஞ்சு. காத்திருப்பவர்கள் உட்காரும் இடம். உள்ளே தூரத்தில் வெள்ளைக் கார் சின்னதாக நகர்ந்துகொண்டிருந்தது; பாப்பாவுக்குப் பக்கத்தில் கறுப்பு ஷூ அதிகாரி. டீச்சர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். கார் ஒவ்வொரு வளைவை நெருங்கும்போதும் இங்கே பச்சை விரல்கள் மண்ணை அழுத்தின. நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் கட்டைவிரல் எழுந்து நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் காரை விட்டுவிட்டு அந்தக் கால்களை வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். டீச்சர் அதைக் கவனித்தார். பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்து, காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார்.

மகனுக்காகக் காத்திருந்த ஒருவர் பரிவாக விசாரித்தார். “கால் வலிங்களா?”

“இல்லைங்க. வாயை மூடிக்கிட்டு இருக்கேன்.”

அவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

கார் திரும்பி வந்து கோட்டுக்குள் நின்றது. அதிகாரி இறங்கினார். போன தடவை எந்த முகத்தோடு இறங்கினாரோ அதே முகம். பாப்பாவும் இறங்கினாள். எம்பிராய்டரிக்காரி முகத்தில் நூல் அறுந்ததா இல்லையா என்று யாரால் கண்டுபிடிக்க முடியும்? முடிவை அலுவலகத்துக்குள் வைத்துத்தான் சொல்வார்கள். அதுவரை வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களோடு பேசக் கூடாது என்று சட்டம். அதிகாரி முன்னால் நடக்க, பாப்பா பின்னால் நடந்தாள். டீச்சர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெத்தைக்கு அடியில் மடித்து வைத்திருந்த திரைச்சீலை அவருக்கு நினைவுக்கு வந்தது. முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

அலுவலகப் படியருகில் அதிகாரி கதவைத் திறக்கத் திரும்பினார். பாப்பா நின்றாள். வேலிப் பக்கம் பார்க்காமலே, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வலது காலைக் கட் ஷூவிலிருந்து உருவினாள். ஒற்றைக் காலில் நின்றபடி அந்த வெறும் பாதத்தை டீச்சர் பக்கமாக நீட்டி, ஐந்து விரலையும் விசிறியாக விரித்துக் காட்டினாள்.